பாலைவனப் போர் ஒன்றை ஆராய்ந்து படிப்பது எப்படி

பாலைவனப் போர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் டாங்கிகளின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை டாங்கிகள் இருந்தன, பீரங்கியின் குழல் எத்தனை மில்லிமீட்டர், கவசம் எவ்வளவு தடிமன் என்று அட்டவணை போட்டுவிட்டு, அந்த எண்களுக்குள்ளேயே வெற்றி தோல்விக்கான காரணத்தைத் தேடுகிறார்கள். அந்த வழியில் போனால், 1940 டிசம்பரில் எகிப்தில் தொடங்கிய சண்டைக்கு விளக்கமே கிடைக்காது. பிரிட்டிஷ் தளபதி ரிச்சர்ட் ஓ'கானர் தலைமையில் சுமார் 36,000 பேர் மட்டுமே கொண்ட படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இத்தாலியப் பத்தாம் படையைத் தாக்கி, 1941 பிப்ரவரி தொடக்கத்தில் பெடா ஃபோமில் சண்டை ஓய்ந்தபோது ஏறத்தாழ 1,30,000 பேரைச் சிறைபிடித்திருந்தது.

ஆகவே இங்கே நான் பரிந்துரைப்பது ஓர் ஆய்வு வரிசை. முதலில் நிலத்தையும் தண்ணீரையும் பாருங்கள். அடுத்து வழங்கலையும் (பெட்ரோல், உணவு போன்றவை படைக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு), பிறகு பயிற்சியையும், அதன்பின் தலைமையையும் பாருங்கள். ஆயுதங்களைக் கடைசியாகத் தொடுங்கள். ஒரு கருவி போர்க்களத்தில் எவ்வளவு பயன் தரும் என்பதை அதற்கு முன்னுள்ள நான்குமே தீர்மானிக்கின்றன என்பதால்தான் இந்த வரிசை. மாணவர்களுக்கும், கட்டுரை எழுதுபவர்களுக்கும், ஆர்வத்தினால் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நிலம், தண்ணீர், தூரம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, சண்டை நடந்த பகுதியை நீங்களே வரையுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. வாகனம் போகக்கூடிய இடம் எது, போக முடியாத இடம் எது, கிணறுகள் எங்கே, துறைமுகம் எங்கே, ரயில் பாதை எதுவரை வருகிறது என்பவை தெரிந்தால் போதும். பாலைவனம் முழுவதும் ஒரே மாதிரியான மணல் என்ற எண்ணம் இந்த முதல் வேலையிலேயே கலைந்துவிடும். கெட்டியான சரளை நிலத்தில் டாங்கி விரைந்து ஓடும். மென்மணலில் அதே டாங்கி திணறி, எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல்சாவடியைத் தாக்க வந்த பாகிஸ்தான் படைக்கு நேர்ந்தது இதுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் வந்தன. எதிரே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் இருந்தவர்கள் சுமார் 120 பேர். அந்தப் பாதையின் மணல் எவ்வளவு இளகியது என்பதை முன்கூட்டியே சரியாக வேவு பார்க்காததால் வாகனங்கள் சிக்கிக்கொண்டன, நேரம் கரைந்தது, பொழுதும் விடிந்துவிட்டது. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹன்டர் விமானங்கள் வந்தன. மறைவிடமே இல்லாத வெளியில், மேலே தம் தரப்பு விமானம் ஒன்றுகூட இல்லாத நிலையில், அந்த டாங்கிகளால் செய்யக்கூடியது அதிகமில்லை.

நிலம் சில சமயம் ஒரு தளபதியின் விருப்பத்தையே பறித்துவிடும். வட ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் தெற்கே சுற்றிக்கொண்டு போய் எதிரியின் முதுகில் தாக்க இடம் இருந்தது. எகிப்தின் எல் அலமைனில் மட்டும், வடக்கே கடலுக்கும் தெற்கே கத்தாரா பள்ளத்துக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் அகலமே இருந்தது. அந்தக் குறுகிய கழுத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் சுற்றிவளைக்கும் திறமைக்கு இடமில்லாமல் போனது. 1942-இல் நடந்த சண்டைகளைப் பற்றி எழுதும் எவரும் இந்த 60 கிலோமீட்டரை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

தூரத்தைக் கணக்கிடும்போது, துறைமுகத்திலிருந்து முன்னரங்குக்கு உள்ள தொலைவை மட்டும் எழுதாமல், அந்தத் தூரத்தைக் கடக்க லாரிகளே எவ்வளவு பெட்ரோலைக் குடித்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். லிபியத் துறைமுகமான டிரிபோலியிலிருந்து எல் அலமைன் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வென்று வென்று முன்னேறிய படை, ஒவ்வொரு வெற்றியாலும் தன் துறைமுகத்தை விட்டு விலகிக்கொண்டே போனது. எதிரியோ தோற்றுப் பின்வாங்கியபோதெல்லாம் தன் கிடங்குகளை நெருங்கினான். 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கடற்கரையில் இரு தரப்பும் மாறி மாறி முன்னேறியும் பின்வாங்கியும் அலைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வழங்கலைப் படிக்கும்போது சிறிய பொருள்களை விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் படை பெட்ரோலை எடுத்துச் சென்ற நான்கு காலன் தகரப் பெட்டி, கரடுமுரடான வழியில் குலுங்கும்போது தைப்பு விட்டு ஒழுகும். லாரியின் அடித்தளமெல்லாம் பெட்ரோல் நாற்றத்துடன் வந்து சேரும்போது, ஏற்றியதில் கணிசமான பங்கு மண்ணுக்குள் போயிருக்கும். ஜெர்மானியர்கள் வைத்திருந்ததோ அழுத்தி வார்த்த இரும்புத் தகட்டால் ஆன 20 லிட்டர் கேன். பக்கவாட்டில் அழுத்தக் கோடுகள், மேலே மூன்று கைப்பிடிகள், நெம்பித் திறக்கும் மூடி. கைப்பற்றிய கேன்களைப் பிரிட்டிஷ் வீரர்கள் பொக்கிஷமாகப் பாதுகாத்தார்கள். பின்னர் பிரிட்டனும் அமெரிக்காவும் அதே வடிவில் தயாரித்தன. டாங்கி அட்டவணையில் இடமே பெறாத இந்தக் கேன், ஒரு படை எத்தனை நாள் நகர முடியும் என்பதை முடிவுசெய்த தொழில்நுட்பம்.

பயிற்சி: எதை, எங்கே, எத்தனை முறை

ஆராய்ச்சியில் அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய பகுதி இதுதான். "நன்கு பயிற்சி பெற்ற படை" என்ற சொற்றொடர் எல்லா நூல்களிலும் வருகிறது, ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. அதைக் காணும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அவர்கள் குறிப்பாக எந்தச் செயலைப் பழகினார்கள்? எத்தகைய நிலத்தில் பழகினார்கள்? அவர்களோடு சேர்ந்து பழகியவர்கள் யார்?

ஓ'கானரின் தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். 1940 நவம்பர் இறுதியில், மெர்சா மத்ரூ அருகே பாலைவனத்தில் சில முகாம்களின் எல்லைகள் தரையில் குறிக்கப்பட்டு, அவற்றைத் தாக்கும் பயிற்சி நடந்தது. அவை நிபேவா, துமார் என்ற இத்தாலிய முகாம்களின் நகல்கள் என்பது வீரர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பயிற்சி என்றே அவர்கள் நினைத்தார்கள். அதில் கண்ட குறைகளை வைத்துத் தாக்குதல் முறை மாற்றப்பட்டது. டிசம்பரில் மீண்டும் ஒரு பயிற்சி என்று சொல்லி அவர்களை அழைத்துச் சென்றபோது, வழியில்தான் இது உண்மையான போர் என்று தெரிவிக்கப்பட்டது. 8-ஆம் தேதி பகல் முழுவதும் திறந்த வெளியில் அடங்கிக் கிடந்துவிட்டு, 9-ஆம் தேதி விடியலில் நிபேவாவை அதன் பின்புறத்திலிருந்து தாக்கினார்கள். முகாமைச் சுற்றிக் கண்ணிவெடிகள் இருந்தன. ஆனால் இத்தாலியர்களின் சொந்த வண்டிகள் உள்ளே வந்துபோக ஓர் இடைவெளி இருந்தது. இரவு வேவுக் குழுவினர் கண்டறிந்து வந்த அந்த இடைவெளி வழியாகவே பிரிட்டிஷ் மாட்டில்டா டாங்கிகள் நுழைந்தன, அவற்றைப் பின்தொடர்ந்து நான்காவது இந்திய டிவிஷனின் காலாட்படை லாரிகளில் வந்து இறங்கியது. வெளியே நிறுத்தப்பட்டிருந்த இத்தாலிய டாங்கிகளில் வீரர்கள் ஏறி உட்காரவே நேரமில்லை.

இங்கே மாட்டில்டாவின் தடித்த கவசம் பெரிதும் உதவியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. இத்தாலியர்களின் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளால் அதைத் துளைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கவசத்தைச் சரியான வாசலுக்கு, சரியான நேரத்தில், காலாட்படையைப் பின்னால் அழைத்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தது ஒத்திகை. அதற்கும் முன்பு, 1938 முதல் எகிப்தில் கவசப் படையைப் பாலைவனத்தில் ஓட்டவும் பழுதுபார்க்கவும் சிதறி நின்று ஒன்றுகூடவும் கடுமையாகப் பழக்கியவர் பெர்சி ஹோபார்ட். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாததால் அவர் 1939-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். சண்டை நடந்தபோது அவர் களத்திலேயே இல்லை. பயிற்சி அளித்தவரின் பெயர் போர்க் குறிப்புகளில் இடம்பெறாமல் போவது மிகவும் வழக்கம் என்பதால், போருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையும் புரட்டிப் பாருங்கள்.

பயிற்சியில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிரித்தறிவது முக்கியம். திசைகாட்டியும் சூரியனும் கொண்டு வழி கண்டுபிடிப்பது, டயரில் காற்றைக் குறைத்து மணலைக் கடப்பது, ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியைத் தனிக் கலனில் பிடித்து மீண்டும் தண்ணீராக்குவது போன்றவை பாலைவனத்துக்கே உரியவை. ரால்ஃப் பேக்னால்டு என்ற அதிகாரி, 1920-களிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்து கற்ற இந்த நுணுக்கங்களைக் கொண்டுதான் 1940-இல் நெடுந்தூர வேவுப் படையை அமைத்தார். இவற்றை ஊக்கமுள்ள படை சில மாதங்களில் கற்றுவிடலாம். ஆனால் டாங்கியும் பீரங்கியும் காலாட்படையும் ஒருவரையொருவர் நம்பி ஒரே வேலையைச் செய்வது என்ற இரண்டாவது வகை, பல ஆண்டுகள் பழகினாலன்றி வராது. 1941 பிப்ரவரியில் டிரிபோலியில் வந்திறங்கத் தொடங்கிய ஜெர்மானியர்கள் அதற்கு முன் பாலைவனத்தைக் கண்டதே இல்லை; ஆயினும் இரண்டாவது வகைப் பயிற்சியை முழுமையாகப் பெற்றிருந்தார்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ் படைக்குப் பாலைவனம் நன்கு பழகியிருந்தும், 1942-இன் நடுப்பகுதி வரை டாங்கிப் பிரிவுகளும் காலாட்படையும் தனித்தனியாகவே சண்டையிட்டுத் தோற்றன.

1973 அக்டோபர் 6 அன்று சூயஸ் கால்வாயைக் கடந்த எகிப்தியப் படை, ஒத்திகையின் ஆற்றலுக்கு மிகச் சிறந்த சான்று. இஸ்ரேல் எழுப்பியிருந்த உயரமான மணல் அணையை உடைக்க வெடிமருந்தோ புல்டோசரோ போதாது என்ற நிலையில், பாக்கி சாக்கி யூசெஃப் என்ற பொறியியல் அதிகாரி நீரைப் பீய்ச்சி மணலைக் கரைக்கலாம் என்று யோசனை சொன்னார். கால்வாயைப் போன்ற நீர்நிலைகளில் பலமுறை ஒத்திகை நடந்தது. ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகினார்கள். ஆனால் இத்தகைய பயிற்சிக்கு ஓர் எல்லையும் உண்டு: ஒத்திகை பார்த்த காட்சி முடிந்ததும், பார்க்காத காட்சி தொடங்கிவிடும்.

தலைமை: அவர் எங்கே இருந்தார்

தளபதியின் குணச்சித்திரத்தை வருணிப்பதைவிட, முடிவெடுக்கும் நேரத்தில் அவர் எங்கே நின்றார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அவர் கட்டளை கீழே போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்று கேட்பது பயன் தரும். 1943 பிப்ரவரியில் துனிசியாவின் கசரீனில் அமெரிக்க இரண்டாம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) சிதறியபோது, அதன் தளபதி ஃப்ரெடென்டால் முன்னரங்கிலிருந்து வெகுதொலைவில், ஒரு பள்ளத்தாக்கில் சுரங்க அறைகள் தோண்டும் வேலையைப் பொறியாளர்களுக்குக் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தார். நேரில் பார்க்காத நிலத்தில் சிறுசிறு பிரிவுகளை எங்கெங்கே நிறுத்துவது என்று அங்கிருந்தே உத்தரவிட்டார். மார்ச்சில் அவருக்குப் பதிலாகப் பேட்டன் வந்தார்.

அதற்காக, முன்னால் நிற்பவரே நல்ல தளபதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1941 நவம்பர் 24 அன்று ரோமல் தாமே முன்நின்று எகிப்திய எல்லையை நோக்கி விரைந்தார். இரவில் எல்லை வேலிக்கு அப்பால் வழி தெரியாமல் நின்றார். தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தது. பின்னால் லிபியத் துறைமுகமான டோப்ருக் அருகே நிலைமை மோசமாவதைக் கண்ட வெஸ்ட்ஃபால் என்ற அதிகாரி, தளபதியின் உத்தரவுக்குக் காத்திராமல் 21-ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனைத் திரும்ப அழைத்தார். ஜெர்மானியப் படையின் பலம் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இப்படிக் கீழ்நிலை அதிகாரிகள் தாமாகவே முடிவெடுத்ததில் இருந்தது. ஆகவே தலைமையை மதிப்பிடும்போது மேஜர், கேப்டன் நிலை வரை இறங்கிப் பாருங்கள்.

மேதைமை என்று சொல்லப்படுவதைத் தகவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். 1942-இன் முதல் பாதியில் கெய்ரோவிலிருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி பானர் ஃபெல்லர்ஸ் வாஷிங்டனுக்கு அனுப்பிய விரிவான அறிக்கைகளை அச்சு நாடுகளான ஜெர்மனியும் இத்தாலியும் இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் வானொலிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்க ரோமலிடம் சீபோம் தலைமையில் ஒரு தேர்ந்த பிரிவும் இருந்தது. ஜூன் இறுதியில் முதல் ஊற்று அடைபட்டது. ஜூலை 10 அன்று டெல் எல் ஐசாவில் ஆஸ்திரேலியர்கள் அந்தப் பிரிவையே பிடித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டன் ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு ரோமலின் உள்ளுணர்வு மங்கியதாகத் தோன்றுவதை இந்தத் தேதிகளோடு சேர்த்து வாசிப்பதே நேர்மையான வாசிப்பு.

தொழில்நுட்பம்: யார் கையில் இருந்தது

இப்போது டாங்கி அட்டவணையை எடுக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே, அதே கருவி மறுபக்கத்திடமும் இருந்ததா என்று குறியுங்கள். ஜெர்மானியர்களின் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி டாங்கிகளின் எமன் என்று புகழ்பெற்றது. ஏறத்தாழ அதே ஆற்றலுள்ள 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி பிரிட்டனிடமும் இருந்தது. ஆனால் அதை டாங்கிகளுக்கு எதிராகப் பயன்படுத்தும் வழக்கம் அரிதாகவே இருந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளைத் தூண்டிலாகக் காட்டி, துரத்தி வந்த பிரிட்டிஷ் டாங்கிகளை 88-இன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கருவியில் இல்லாத வித்தியாசம், பழக்கத்தில் இருந்தது.

அடுத்து, அந்தக் கருவியைக் கையில் வைத்திருந்த மனிதனை அருகே சென்று பாருங்கள். 1942 அக்டோபர் 23 இரவு எல் அலமைனில், பல லட்சம் கண்ணிவெடிகள் புதைந்த நிலத்தில் டாங்கிகளுக்குப் பாதை திறக்க வேண்டியிருந்தது. போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்டறியும் கருவி சுமார் 500 எண்ணிக்கையில் வந்திருந்தது. வீரர் ஒருவர் நிமிர்ந்து நின்று, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, நீண்ட கம்பின் நுனியிலுள்ள தட்டை இடம் வலமாக வீசிக்கொண்டே அடிமேல் அடி வைக்கிறார். தரைக்கடியில் உலோகம் இருந்தால் காதில் ஓசை மாறுகிறது. அவர் கை காட்டிய இடத்தில் பின்னால் வருபவர் மண்டியிட்டு விரல்களால் மணலை விலக்குகிறார். இன்னொருவர் பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே வருகிறார். சுற்றிலும் குண்டுகள் வெடிக்கும்போது அந்தச் சிறிய ஓசை மாற்றத்தைக் கேட்க வேண்டும். இதற்கென்றே முறை வகுத்து முன்கூட்டியே பழக்கியிருந்தார்கள். கருவி கிடைக்காத இடங்களில் துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திப் பார்த்தே முன்னேறினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் விடியலில் எல்லாப் பாதைகளும் திறந்திருக்கவில்லை. டாங்கிகள் நெரிசலில் நின்றன. பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி சில நாள்களில் தாக்குதலை நிறுத்திப் படைகளை மாற்றி அமைத்து, நவம்பர் 2 அன்று வேறோர் இடத்தில் மீண்டும் அடித்த பிறகே எதிரியின் அரண் உடைந்தது.

வளைகுடாப் போரில் 1991 பிப்ரவரி 26 அன்று நடந்த சண்டைக்கு '73 ஈஸ்டிங்' என்று பெயர் வந்தது, அடையாளம் சொல்ல ஊரோ மரமோ இல்லாததால் வரைபடத்தின் ஒரு செங்குத்துக் கோட்டின் எண்ணையே வைத்ததால்தான். மணற்புயலுக்கு நடுவே, ஜிபிஎஸ் காட்டிய வழியில், வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியோடு வந்த அமெரிக்கக் கேப்டன் மெக்மாஸ்டரின் ஒன்பது ஏப்ரம்ஸ் டாங்கிகள், சுமார் 23 நிமிடங்களில் எதிரேயிருந்த ஈராக்கிய அரணைத் தம் பக்கம் ஒரு டாங்கியும் இழக்காமல் நொறுக்கின. அவருக்கு இடப்பட்ட எல்லை 70-ஆவது கோடு. எதிரி தடுமாறுவதைக் கண்டு அதைத் தாண்டிப் போனது அவர் சொந்த முடிவு. தொழில்நுட்பமே வென்றது என்று சொல்லத் தோன்றும் இடம் இது. ஆனால் ஈராக்கியர்கள் டாங்கிகளைத் தரைக்குள் ஆழமாகப் புதைக்காமல் சுற்றிலும் மணலைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல் குண்டைத் தடுக்கவில்லை, இருக்கும் இடத்தைத்தான் காட்டிக்கொடுத்தது. அமெரிக்கப் பிரிவுகளோ 1980-களில் மொஹாவி பாலைவனத்தின் ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில், எதிரியாக வேடமிட்ட சொந்தப் படையிடம் லேசர் கருவிகளால் மீண்டும் மீண்டும் "செத்து", ஒவ்வொரு முறையும் எங்கே தவறினோம் என்று அமர்ந்து பேசிப் பழகியிருந்தன. அதே போரில் பழைய எம்60 டாங்கிகளோடு போன அமெரிக்க மரைன்களும் வென்றார்கள் என்பதையும் உங்கள் குறிப்பில் சேருங்கள்.

இதிலிருந்தே ஒரு சோதனை முறை கிடைக்கிறது: இரு தரப்பின் ஆயுதங்களை மனத்துக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் அதே தரப்பு வெல்லும் என்று தோன்றினால், உங்கள் கட்டுரையில் ஆயுதத்துக்குக் குறைந்த இடம் கொடுங்கள். முடிவு தலைகீழாகும் என்று தோன்றினால், ஏன் என்று சான்றோடு எழுதுங்கள். இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. எங்கே தோண்ட வேண்டும் என்று மட்டும் காட்டும்.

தொடக்கப் பயிற்சிக்கு முழுப் போரையும் எடுக்காமல் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 அக்டோபர் 14 அதற்கு மிகவும் பொருத்தமானது. கால்வாயைக் கடந்து, தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணைகளின் காப்புக்குள் உறுதியாக நின்ற எகிப்தியப் படைக்கு, சிரியாவின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதற்காக அந்தக் காப்பை விட்டு வெளியேறி முன்னேறும்படி உத்தரவு வந்தது. படைத் தலைவர் சாத் எல் ஷாஸ்லி அதை எதிர்த்தார், ஏற்கப்படவில்லை. அன்று சுமார் 250 எகிப்திய டாங்கிகள் அழிந்தன. தாளை ஐந்து பத்திகளாகப் பிரித்து, நிலம், வழங்கல், பயிற்சி, தலைமை, கருவி என்று தலைப்பிடுங்கள். எட்டு நாள் முன்பு இதே படையும் இதே வகைக் கருவிகளும் வென்றதையும் அன்று தோற்றதையும் எதிரெதிரே எழுதி, ஐந்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள்.